பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு டப்பா

குடவோலைத் தேர்தல் நடத்தி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்த உத்திரமேரூர், அதன்பிறகு ஆயிரம் ஆண்டுகளாக உலகத்துக்குப் பெரிதாக எதையும் வழங்கவில்லை என்ற குறை சரித்திர ஆர்வலர்களுக்கு உண்டு. அந்தக் குறை சென்ற தை மாதம் நீங்கியது. அரிசி ஆலை அதிபரும், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியின் பிரமுகராகவே விளங்கும் அபூர்வ ஆற்றல் படைத்தவருமான தினகரன், இரண்டே பேர் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்னையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து ஆலை வாசலில் இறக்கினார். ஓட்டியே வந்திருக்கலாம். ஆனால் வழியெல்லாம் வேகத்தடைகள். காரின் வயிறோ தரைக்கு நான்கு விரல் உயரத்தில் இருந்தது.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்ததில் தினகரனுக்கு ஒரு மனக்குறை ஏற்பட்டது. மிதித்தவுடன் கார் பாயவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாய்ந்தது. தாம் சொன்னதைக் கேட்டு யோசிக்கிற எதையும் அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டதில்லை. ஆலையில் மேலாளர் ஒருவர் அப்படித்தான் ஒருமுறை யோசித்தார். இப்போது வாலாஜாபாத்தில் வேறு வேலை பார்க்கிறார்.

ஆகவே ஆலையில் ‘உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்’ ஒன்று கூட்டப்பட்டது. உயர்மட்டம் என்றால் மாடி. வந்தவர்கள் இருவர். ஒருவர் தினகரனின் மனைவிக்குத் தம்பியான ராஜாராம். மற்றவர் பிரிஸ்கில்லா. அதே ஆலையில் மூட்டை தூக்கிய செந்தமிழனின் மகள். டிப்ளமோ படித்து, காஞ்சிபுரத்தில் கார் எஞ்சின் டியூனிங் கடை வைத்திருப்பவர். பிரிஸ்கில்லாவுக்கு நாற்காலி போட எல்லோருமே மறந்துவிட்டார்கள். அவ்வளவு அவசரமான கூட்டம்.

ராஜாராம் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இத சொருகனா போதும் மாமா. அஞ்சு நிமிசம். ஒம்போது லெவல் கீது. ஒம்போதுல வச்சா ராக்கெட்டு.”

“பவரு எவ்ளோ ஏறும்?”

“ஃபீலிங் ஏறும் மாமா.”

தினகரன் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்.

“டப்பாவால பவரு ஒரு பொட்டுகூட ஏறாது சார்,” என்றார் பிரிஸ்கில்லா நின்றபடியே. “நீங்க லேசா மிதிப்பீங்க. முழுசா மிதிச்சிட்டாருன்னு அது எஞ்சினுக்குப் பொய் சொல்லும். நெஜமா பவரு வேணும்னா எஞ்சினோட கம்ப்யூட்டர்ல கீற புரோகிராமையே மாத்தி எழுதணும். அதுக்கு முன்னாடி பிரேக்கு, டயரு, கிளட்ச்சு எல்லாம் பாக்கணும். பத்து நாள் ஆவும்.”

“பத்து நாளா?”

“அதுக்கு மேல ஒரு விசயம் கீது சார். அத்தினி பவர ஏத்திக்கினு எங்க ஓட்டப்போறீங்க? இங்கேர்ந்து காஞ்சிபுரம் போறதுக்குள்ள முப்பத்தெட்டு ஸ்பீட் பிரேக்கர் கீது. எந்த டியூனிங்கும் அத எடுக்காது.”

தினகரன் கண்ணை மூடிச் சிந்தித்தார். ஒன்று, உள்ளே இருப்பதை மாற்றச் சொல்கிறது, நாள் கேட்கிறது, பிரேக்கைப் பற்றியெல்லாம் பேசுகிறது. மற்றொன்று, உள்ளே எதையும் தொடாமல், மிதிப்பவருக்கு உடனடி மரியாதை செய்கிறது. இருபது வருடம் பொதுவாழ்வில் ஊறியவருக்கு இதில் குழப்பமே வரவில்லை. டப்பாவுக்கு ஆதரவான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மனது தினகரனுடையது.

“மாட்டனா மூணுல வைங்க சார். ஒம்போது வேணாம்,” என்று சொல்லிவிட்டு பிரிஸ்கில்லா படியிறங்கினார்.

மறுநாள் காலை டப்பா ஒன்பதாம் லெவலில் வைக்கப்பட்டது.

ஊரைத் தாண்டினால் சாலையில் பாதி, தை மாதத்தில் நெல்லுக்குச் சொந்தம். அங்கே பவளம் என்ற பெண் விவசாயி தம்முடைய ஒன்றரை ஏக்கர் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் அவருக்கு மறுநாள் டோக்கன். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தினகரன் ஊர் எல்லையின் கடைசி வேகத்தடையைக் குழந்தையைத் தூக்கிக் கடப்பதுபோல் கடந்தார். பிறகு பெடலைத் தொட்டார். தொட்டதுதான். கார் எகிறியது. நெல்லின்மேல் சக்கரம் வழுக்க, வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி, சாலையோரம் குவித்திருந்த நெல் மேட்டில் வயிறு பதிந்து நின்றது. பாதி நெல் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் போய் விழுந்தது. பவளம் துள்ளி விலகியதில் முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது.

கண்ணெதிரே ஒரு மனுஷியைக் கொன்றிருப்போம் என்று தோன்றியபோது தினகரன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் கார் மட்டும் பயங்கரமாக உறுமிக்கொண்டே இருந்தது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன.

பவளம் நொண்டிக்கொண்டே ஜன்னலருகே வந்தார்.

“கால எடு நைனா.”

எடுத்தார். அமைதியானது.

வண்டியை மீட்க பிரிஸ்கில்லாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் வந்ததும் முதல் வேலையாக டப்பாவைப் பிடுங்கினார்.

“இன்னாமா அது?” என்றார் பவளம்.

“இது இருந்தா லேசா தொட்டாலே முழு பவரும் வந்துடும் பெரிம்மா.”

“அப்ப இதுக்கு முன்னாடி பவரு இல்லியா?”

“பவரு எப்பவும் உள்ளதான் கீது. யாரு மிதிக்கிறாங்கன்னுதான் பேச்சு.”

‘விசாரணை’ விரைவாக நடந்தது. நெல் எந்தவித எச்சரிக்கைப் பலகையும் இன்றிச் சாலையில் படுத்திருந்ததே விபத்துக்குக் காரணம் என்று மூன்று அதிகாரிகள் கண்டறிந்தார்கள். பவளத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது.

“நெல்லு காயவைக்க களம் கட்டிக் குடுங்கன்னு பதினோரு வருசமா மனு குடுத்துக்கினு கீறோம் சார். அதையே விளக்கமா வச்சிக்கோங்க,” என்றார் பவளம். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை.

தினகரனின் மனம் இளகியது. இனி எந்த நெல்லும் தம் காருக்குக் குறுக்கே வரக்கூடாது என்று உறுதிபூண்டார். போனை எடுத்து, “அந்த உலர்களத்த முடிச்சி வுடுங்க,” என்றார். பேசியது அரை நிமிடம். பங்குனி பிறப்பதற்குள் களம் தயாரானது. தாலுகாவிலேயே வழவழப்பான சிமெண்டுத் தரை. சுற்றிலும் கம்பி வேலி, கேட்டு, கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே தினகரனின் பெயர்.

வேகத்தடை இல்லாத நிலம் ஒன்று கிடைத்துவிட்டதால், எஞ்சினையே டியூன் செய்துவிடலாம் என்று அவருக்கு ஞானம் பிறந்தது.

“நெல்லுக்களத்துல ஓட்றதுக்கு நான் டியூன் பண்ண மாட்டேன் சார்,” என்று பிரிஸ்கில்லா மறுத்துவிட்டார். சென்னையில் செய்துகொடுத்தார்கள்.

சித்திரையில் நவரைப் பருவத்து நெல் அறுப்புக்கு வந்தது. பவளமும் நாற்பது வீட்டுக்காரர்களும் டிராக்டர்களில் நெல்லோடு வந்தபோது, களத்தில் மஞ்சள் கார் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ராஜாராம் கேட்டருகே நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தார். ‘சோதனை ஓட்டம் நடைபெறுகிறது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்’ என்று ஒரு பலகை.

பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லை. கார் நின்ற நேரம் பார்த்து முதல் டிராக்டர் உள்ளே புகுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நாலு பக்கமும் நெல் சரிந்தது. நடுவில் தினகரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“யாரக் கேட்டு கொட்றீங்க? மனு குடுத்தீங்களா பவளக்கா?”

பவளம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நெல்லில் இறங்கிக் கிளற ஆரம்பித்தார்.

“மனுவா? பதினோரு வருசம் நாப்பது வூட்டு ஜனம் ஏறி ஏறி மிதிச்சோம் நைனா, அந்த ஆபீசு ஒரு அங்குலம் நவுரல. நீ போன்ல ஒத்த வார்த்த சொன்ன, களம் வந்து வுயுந்துச்சி. பவரு அன்னிக்கே உள்ளதான் இருந்துகீது. எங்க காலு தான் அதுக்குக் காலாத் தெரில.”