நான் திருப்பிப் போட்ட ஜீனர்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. மறைத்து என்ன ஆகப்போகிறது? அதுவும் கொழுந்தன் மனைவி சுகன்யாவைப் பார்த்தால் வயிறு பற்றி எரியும். குடியாத்தத்தில் எங்கள் விசைத்தறி வீட்டுக்கு அவள் வரும்வரை, எது பழுதானாலும் "மல்லிகாவக் கூப்பிடு" என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ ஆச்சே! (படித்து முடித்தபின் டார்ச் லைட்டைத் தவிர எதையும் பிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.)

ஒருநாள், நெய்த லுங்கித் துணியின் நீளம் காட்டும் கவுண்டருக்கான அடாப்டர் புகைந்துபோனது. கவுண்டர் ஐந்து வோல்ட்டில் ஓடுவது. வீட்டில் கிடந்ததோ பன்னிரண்டு வோல்ட் அடாப்டர். அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான் மறுநாள் திரும்புவதற்குள், வரலாறு படித்த சுகன்யா செல்போனில் வீடியோ பார்த்து, ஒரு ரெசிஸ்டரும், வோல்ட்டேஜை ஐந்துக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஜீனர் டையோடும் சொருகி, அந்த அடாப்டரிலேயே கவுண்டரை ஓட வைத்துவிட்டாள். புது ரோல் காலையிலிருந்து அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மூளைக்காரிம்மா இவ! நீ இருந்தாகூட இவ்ளோ சீக்கிரம் முடிச்சிருக்க மாட்ட" என்றார் மாமியார். என்னிடமே!

குறை கண்டுபிடிக்கக் குனிந்தேன். கிடைத்தது! டையோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருந்தது. சாதாரண டையோடு என்றால் அது மைனஸ் பக்கம் இருக்க வேண்டும்.

"இன்னா சுகன்யா, தலைகீழா மாட்டி வச்சிருக்க?"

"அக்கா, இது ஜீனர். அப்படித்தான்க்கா போடணும்..."

"எனக்கே பாடமா?"

கவுண்டர் ஓடும்போதே டையோடைப் பிடுங்கினேன். அதுவரை அது பிடித்து நிறுத்தியிருந்த வோல்ட்டேஜ் கவுண்டருக்குள் பாய்ந்தது. எண்கள் பளிச்சென்று மின்னி அணைந்தன. கருகல் நாற்றம் வேறு. நான் விட்டேனா? டையோடை முனை மாற்றித் திருப்பிச் சொருகி, செத்த கவுண்டரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: ஜீனர் தலைகீழாக நின்றால்தான் வேலை செய்யும். பரீட்சையில் படம் போட்டு எழுதிய மகராசியே நான்தான்.

"நாலு மணிக்குத் துணி வாங்க ஆம்பூர் பாய் வந்துடுவாரே! அளவு சொல்லலைன்னா வேற தறிக்குப் போய்டுவாரு" என்று மாமனார் தலையில் கைவைத்தார்.

ரோல் முழுவதையும் அவிழ்த்து டேப்பால் அளந்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை சுகன்யா கையில். பாதியில் வந்துசேர்ந்த பாய், டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

"அக்கா, கை வலிக்குதா? நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் சுகன்யா. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்!

நல்லவேளை, பாய் துணியை எடுத்துக்கொண்டார். புது கவுண்டர் வந்தது. அதைச் சுகன்யா மாட்டினாள்.

இப்போதும் அவள் எதையாவது ரிப்பேர் செய்யும்போது நான் எட்டிப் பார்த்தால் போதும், சமையல்கட்டிலிருந்து மாமியார் குரல் வந்துவிடும்: "மல்லிகா, நீ இங்க வாம்மா. இந்தத் தோசைய மட்டும் திருப்பு."