மாத்திரையம்மாவின் மகனுக்கு ஓர் இடம்

வெள்ளைக் கோட்டு மகனுக்குத் தோளில் பிடித்தது. அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து இரவல் வாங்கி வந்தது. கையை நீட்டினால் அக்குளில் கிழிந்துவிடும் போலிருந்தது. கையை நீட்டாமலே சேவை செய்யும்படி அம்மா சொல்லிவிட்டாள்.

“நீயே உக்காரும்மா. வழக்கமா நீதானே உக்கார்ற” என்றான் மகன்.

“வாயை மூடிக்கிட்டு உக்காரு. அவங்க வர்ற நேரமாச்சு.”

வரவிருந்தவர் ஒரு பேராசிரியை. நாட்டிலேயே பேர்போன மருந்தியல் கல்லூரி அவருடையது. இடம் கேட்பவர்கள் ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அங்கே முடிவு செய்வார்கள்.

மகனுக்கு அந்தக் கல்லூரியில் நாட்டமில்லை. அடுத்த தெருத் தொழிற்பள்ளியில் லிஃப்ட் மெக்கானிக் வேலை படிக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தன் மார்க்குக்கு அதுதான் சரிப்படும், தனக்குப் பிடித்ததும் அதுதான் என்று பல தடவை சொல்லிப் பார்த்தான். அம்மா காதில் ஏறவில்லை. விண்ணப்பம் போட்டாயா, போட்டாயா என்று நச்சரித்தாள். கடைசியில் ஒருநாள், “போட்டாச்சும்மா, விடு” என்றான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணம். மகன் நடை பழகும் முன்பே கணவர் போய்ச் சேர்ந்தார். மருந்துக்கடையில் கால்கடுக்க நின்றே பிள்ளையை ஆளாக்கினாள். ஓய்ந்த நேரத்தில் மருந்து டப்பாக்களுக்குள் மடித்து வைத்திருக்கும் விவரத்தாள்களைப் பிரித்துப் பிரித்துப் படிப்பாள். அதில் புரியாததைக் கடைக்கு வரும் டாக்டர்களிடம் விடாமல் கேட்பாள்.

மார்க் மட்டும் போதாது, சேவையும் வேண்டும் என்று யாரோ சொன்னதும் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டாள். தனியாக இருக்கும் வயதானவர்கள் தங்கள் மாத்திரைகளைக் கொண்டு வரலாம். எது காலைக்கு, எது இரவுக்கு என்று பிரித்து, எழுதி, கையில் கொடுக்கப்படும். சேவை மகன் பெயரில். முதல் நாள் அவன்தான் உட்கார்ந்தான். மாத்திரைகளை நிறவாரியாக அவன் அடுக்குவதை அம்மா பார்த்தாள். அன்றே அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

அதன் பிறகு எழுந்திருக்க நேரமில்லை. ஒரே மருந்தை இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பெயரில் எழுதிக் கொடுத்து, அதை இரட்டிப்பாகச் சாப்பிட்டுத் தலைசுற்றிக்கொண்டிருந்த மூன்றாம் மாடியின் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரை அவள்தான் கண்டுபிடித்தாள். டாக்டருக்கே போன் போட்டுப் பேசி ஒன்றை நிறுத்த வைத்தாள். அவருக்குத் தலைசுற்றல் நின்றது. அவளுக்கு மாத்திரையம்மா என்று பெயர் வந்தது.

இன்று அந்தப் பெயர்தான் தலைவலி. எல்லாம் தம்பிதான் செய்கிறார் என்று சொல்லும்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டாள். ஓட்டுநருக்குக் காது மந்தம். அவரிடம் அவள் கத்திச் சொன்னதில் கட்டடம் முழுக்க அந்த ரகசியம் பரவிவிட்டது.

பேராசிரியை வந்தார். அலட்டல் இல்லாத மனுஷி. ஓரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா படிக்கட்டுக்குப் பின்னால் பதுங்கி, பதில்களைக் கிசுகிசுத்தாள். மகன் அதைத் திருப்பிச் சொன்னான். ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. மகன் குரலை உயர்த்தினான், அம்மாவும் உயர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் மகன் வாயைத் திறக்கும் முன்பே, “வெறும் வயித்துல போடக்கூடாதுங்கய்யா” என்று படிக்கட்டு பேசியது. ஓட்டுநர் படிக்கட்டைப் பார்த்துக் கும்பிட்டு நன்றி சொன்னார்.

நிலைமையைச் சமாளிக்க, தற்செயலாக வருகிறவள் போல அம்மா தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் மேசையை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தடுக்க மகன் கையை நீட்டினான். கோட்டு டர்ரென்று கிழிந்தது. அப்போதுதான் ஓட்டுநருக்குத் தன் கடமை ஞாபகம் வந்தது.

“எல்லாம் தம்பிதான் பண்றார்” என்றார் கணீரென்று. “அப்படித்தான் சொல்லணும்னு மாத்திரையம்மா சொல்லியிருக்காங்க.”

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பேராசிரியை சிரிக்கவில்லை. மேசையிலிருந்த ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, இதைச் சாப்பிடுகிறவருக்குக் கால் வீங்கினால் என்ன செய்வீர்கள் என்று அவளிடமே கேட்டார். மறைக்க வேண்டும் என்பதை மறந்து அம்மா சொல்ல ஆரம்பித்தாள். வீக்கம் எதனால் வரலாம், யாரிடம் உடனே அனுப்ப வேண்டும், எதைத் தானாக நிறுத்தவே கூடாது என்று நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. உடைந்து போனாள்.

“மன்னிச்சிருங்கம்மா. பொய் சொன்னது நான்தான், அவன் இல்ல. இதுக்காக என் பையனுக்கு இடம் இல்லன்னு சொல்லிராதீங்க.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“உங்க பையன் எங்ககிட்ட இடமே கேக்கலையேம்மா, வேலை பார்த்துக்கிட்டே படிக்க வர்ற பெரியவங்களுக்கான இடத்துக்கு உங்க பேரைத்தான் குடுத்திருக்கார்.”