டைகருக்கு வாங்கிய கோழி

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குப் பொய் வரும். அதுவும் யாரும் கேட்காத விவரங்களோடு, சரளமாக வரும்.

என் மகள் நிவேதா, தன்னோடு வேலை பார்க்கும் பிரபுவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். பையன் தங்கம். ஆனால் அவன் அப்பா சிவராமன், கோபிசெட்டிபாளையம் பக்கத்து மனிதர், குடும்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று நிறுத்தி வைத்திருந்தார். அவர் அகராதியில் குடும்பத்தைப் பார்ப்பது என்றால் சாப்பாட்டைப் பார்ப்பது. மருந்தடித்த காய்கறியைத் தொடமாட்டார். கூண்டில் அடைத்து வளர்த்த கோழி என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். (இதற்கு முன் பிரபுவுக்குப் பார்த்த ஓர் இடம் கத்தரிக்காயால் தட்டிப்போனதாகக் கேள்வி.)

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வருவதாக அவரே போன் செய்தார்.

"எங்களுக்குன்னு தனியா எதுவும் பண்ண வேண்டாங்க. நீங்க எப்பவும் சாப்பிடறதே போதுங்க."

"நாங்க பல வருஷமா ஆர்கானிக்தான் சார். கோழிகூட பண்ணைக்கு நேர்ல போய், எப்படி வளர்க்கிறாங்கன்னு பார்த்துத்தான் வாங்குவோம்."

பக்கத்தில் நின்ற என் மனைவி கல்பனா போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக் கோழி தெருமுனை பாஷா பாய் கடையிலிருந்து வருவது. நான் பார்த்து வாங்குவது என்றால் தராசைப் பார்த்து வாங்குவது.

சனிக்கிழமை காலை, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆர்கானிக் கடைக்குள் நுழைந்தேன்.

"என்னம்மா, கீரை முழுக்க ஓட்டையா இருக்கு?"

"ஓட்டை இருந்தாத்தான் சார் நல்லது," என்றாள் கடைப் பெண். "மருந்து அடிக்கலைன்னு அர்த்தம்."

"அப்ப இதைவிடப் பெரிய ஓட்டையா பார்த்துக் குடும்மா."

வலை மாதிரி இருந்த இரண்டு கட்டுக் கீரையோடு, சந்தாபுரா தாண்டி ஒரு கோழிப் பண்ணைக்குப் போனேன். ஐ.டி. வேலையை உதறிவிட்டுக் கோழி வளர்க்க வந்த தாடிக்கார இளைஞர் நடத்துவது. அங்கே நாம் கோழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவர் நம்மைத் தேர்ந்தெடுப்பார்.

"எத்தனை பேர் சாப்பிடறீங்க? மிச்சமானா என்ன பண்ணுவீங்க? யார் சமைக்கப் போறாங்க?"

என் முதல் வேலைக்கு இத்தனை கேள்வி கேட்டிருந்தால் நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பேன். ஒருவழியாகத் தேறினேன். வைக்கோல் போர் மேல் ஜமீன்தார் மாதிரி நின்ற சேவலைக் காட்டினார்.

"நாள் பூரா ஓடற ஆள் சார் இது. காலைல எழுந்ததுமே அடுப்புல ஏத்திடுங்க. அவசரப்பட்டீங்கன்னா..."

"தம்பி, நாங்க பல வருஷமா இதைத்தான் சாப்பிடறோம்," என்றேன். பொய்யில் இது ஒரு வசதி. இரண்டாம் முறை சொல்லும்போது நமக்கே உண்மையாகிவிடும்.

ஞாயிறன்று கல்பனா, "எவ்வளவு நேரம் வேகணும்?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். மூணு விசில்."

சிவராமனும் அவர் மனைவியும் பிரபுவோடு வந்து உட்கார்ந்த நேரத்தில் மூன்றாவது விசில் வந்தது. கல்பனா குக்கரைத் திறந்து ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினாள். அது வழுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் பாய்ந்தது. சேவல் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை.

"இதை நாம வேக வைக்கலைங்க," என்றாள் ரகசியமாக. "குளிப்பாட்டியிருக்கோம்."

மறுபடி மூடினோம். மறுபடி விசில்கள். மறுபடி அழுத்தினோம். சேவல் அசைந்து கொடுக்கவில்லை. கூடத்தில் நிவேதா சிரித்தபடியே என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் அவள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. "தயிர் வாங்கிட்டு வந்துடறேன்," என்று அறிவித்துவிட்டு (வீட்டில் ஒரு சட்டித் தயிர் இருந்தது) பாஷா பாய் கடைக்கு ஓடினேன்.

"என்னா சார், மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?"

"பாய், ஒரு பிராய்லர். சீக்கிரம்."

கறுப்புக் கவரோடு திரும்பினால் வாசலில் சிவராமன் நிற்கிறார். எங்கள் முருங்கை மரத்துக்கு மருந்து அடிக்கிறோமா என்று இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கறிக்கடைக் கறுப்புக் கவரைத் தெரியாதவர் யார்?

"என்னங்க அது?"

"நாய்க்கு சார்."

"நாய் இருக்குதுங்களா? கண்ணுல படலையே."

"வெளில போயிருக்கு." (ஆபீசுக்குப் போனது போலச் சொன்னேன்.) "டைகர்னு பேரு."

"கூப்பிடுங்க, பார்க்கலாம்."

எதிரே நின்ற ஆட்டோவின் அடியில், காது கிழிந்த செம்பட்டைத் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. இத்தனை வருடத்தில் என்னை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "டைகர்," என்றேன். கவரும் லேசாக ஆடியது. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டியபடி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தது.

"நல்லாப் பழக்கியிருக்கீங்க," என்றார் சிவராமன்.

கவரிலிருந்த கறி மொத்தத்தையும் அவர் கண்ணெதிரே அதன் முன் கொட்டினேன். நாய் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாள் முதல் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

ஆக, கையிலிருந்த மாற்றுக் கோழியும் போயிற்று. நாங்கள் கூடத்துக்குத் திரும்பியபோது குக்கர் ரயில் இன்ஜின் போலக் கூவிக்கொண்டிருந்தது.

"என்னங்க, விசில் நிக்கவே மாட்டேங்குது?" என்றார் சிவராமன்.

நான் வாயைத் திறப்பதற்குள் கல்பனா முந்திக்கொண்டாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவம். "கறி வேகலைண்ணா. என்ன பண்றதுன்னே தெரியலை."

பிரபு தரையைப் பார்த்தான். சிவராமன் என்னை உற்றுப் பார்த்தார்.

"சாறு மட்டும் கொஞ்சம் கொண்டாங்கம்மா."

டம்ளரில் வந்தது. உறிஞ்சினார். கண்ணை மூடினார். இன்னொரு தரம் உறிஞ்சினார்.

"இது ஓடுன கோழிங்க," என்றார். "எத்தனை வீட்டுல நாட்டுக்கோழின்னு சொல்லி மூணு விசில்ல இறக்கி வெக்கறாங்க தெரியுங்களா? நானும் பாதிலயே எழுந்து வந்துருவேனுங்க. வேகட்டும். எனக்கு அவசரமில்லை."

அது வேகும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் கல்யாணத்தைப் பேசினோம். பத்திரிகை, மண்டபம், பந்தி எல்லாம் ஒவ்வொரு விசிலுக்கும் ஒவ்வொன்றாக முடிவாயின. சாயங்காலம் காபி நேரத்தில்தான் சாப்பிட உட்கார்ந்தோம். தாடை வலிக்க மென்றபடி அவர், "தை மாசமே வெச்சுக்கலாங்க," என்றார். அந்தச் சேவல் சாதாரணமாக வெந்திருந்தால் இன்னும் நாலு சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்திருக்கும்.

கல்யாணம் முடிந்து ஒரு நாள் நிவேதா மாமனாரிடம் நாய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அவர் அசரவில்லையாம்.

"அன்னிக்கே தெரியும் கண்ணு. நாய்க்கு வாங்குற கறியை யாராச்சும் தோலுரிச்சு, பிரியாணிக்கு வெட்டி, ஈரலைத் தனியாக் கட்டி வாங்குவாங்களா?"

"அப்புறம் எப்படி மாமா ஒத்துக்கிட்டீங்க?"

"உங்கப்பாதான் பொய் சொன்னாரு. கோழி சொல்லலையே. ஒரு வீட்டுல ஒருத்தராவது உண்மையா இருந்தாப் போதும்."

அன்றிலிருந்து எங்கள் இரு குடும்பத்திலும் நான் எதைச் சொன்னாலும், "கோழி என்ன சொல்லுது?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒரே மதியத்தில் மாப்பிள்ளையும் நாயும் சம்பாதித்தவன் நான். டைகர் இப்போது எங்கள் வீட்டோடுதான் இருக்கிறது. அது மட்டும் நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறது.