ஞானம் மதினிக்கு அடித்த கல்யாண மணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். சொல்லாமலே கண்ணை மூடிவிடுவேனோ என்பது இப்போது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

இடி தலையில் விழுந்தாலும் கர்த்தருக்கு நன்றி சொல்கிற மனுஷன் இந்தக் கரிசல் சீமையிலேயே எங்கள் பக்கத்து வீட்டு ஸ்தோத்திர அண்ணாச்சி ஒருவர்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. எங்கள் சின்னக் கோயிலுக்கு மணி அடிப்பவரும் அவரே.

எழுபதுகளின் கடைசியில் மழை பொய்த்து, பருத்தியெல்லாம் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, "ஸ்தோத்திரம்! பருத்தி எடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம்லா" என்றார். அடி வாங்காமல் தப்பியது ஆண்டவர் கிருபை. கொடியில் கிடந்த ஒரே நல்ல வேட்டியை ஆடு மென்றுவிட்டது. "ஸ்தோத்திரம்! அதுக்காவது வயிறு நெறஞ்சுதே" என்று மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு மணி அடிக்கப் போனார்.

"உங்களுக்குக் கோவமே வராதா அண்ணாச்சி?"

"கோவப்பட்டா மழை வருமா தாயி? சந்தோசமா குடிச்சா கஞ்சி கொஞ்சம் கூடுதலாத் தெரியுது."

"காய்ச்சுதவளுக்குல்லா தெரியும்!" என்று உள்ளேயிருந்து ஞானம் மதினியின் குரல் வரும்.

மதினிக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் கல்யாணத்தன்று மணிக்கயிறு அறுந்து, மணியே அடிக்கவில்லை. அதற்கும் இந்த மாப்பிள்ளை, "ஸ்தோத்திரம், காது தப்பிச்சுது" என்றாராம். அதை மதினி கடைசிவரை மன்னிக்கவில்லை.

அந்தப் பஞ்சத்திலேயே மதினிக்கு இருமல் முற்றியது. ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது மதினி அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் போற அன்னைக்கு இழவு மணி அடிச்சிராதிய. நான் கல்யாணத்துக்குல்லா போறேன், ஆண்டவர் வீட்டுக்கு. அன்னைக்கு அடிக்காத மணிய அடிங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஸ்தோத்திரம் வரவில்லை. கோயில் பக்கம் எழுந்து போய்விட்டார்.

ஆவணி மாதம் ஒரு காலையில் மணி கேட்டது. இழவு மணி ஒவ்வொன்றாக, விட்டுவிட்டு விழும். இதுவோ கலகலவென்று இடைவிடாமல் அடித்தது. ஊர் குழம்பிப்போய்க் கோயிலுக்கு ஓடியது. ஒருத்தி பாதி முகத்துக்குப் பவுடரோடு வந்தாள். ஒருவர் சாப்பாடு இருக்கும் என்று தூக்குச்சட்டியே கொண்டுவந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் பாய்ந்தார்.

"ஏலே கிறுக்கா! பொண்டாட்டி செத்துக் கெடக்கா, கல்யாண மணியா அடிக்க?"

"அவ கேட்டா ஐயா. இருமல் நின்னுட்டு. இப்ப நிம்மதியா இருக்கா. ஸ்தோத்திரம்."

திரும்பாமலே சொன்னார். கயிற்றை விடவில்லை. நான் சுற்றிப்போய்ப் பார்த்தேன். கண்ணீர் தாடி வழியாக இறங்கி, ஆடு மென்ற இடத்தைத் தைத்துக் கட்டியிருந்த அந்த வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. உபதேசியாரும் பார்த்தார். போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துச் சேர்ந்து இழுத்தார்.

அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவிய அழவே இல்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். இழவு மணிதான் அடிச்சாவ என்று மரியாதைக்காக மாற்றிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அடித்தது கல்யாண மணி. அடித்தவர் அழுதுகொண்டேதான் அடித்தார். இரண்டில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.