கறவை மாட்டுப் படிவத்தில் ஒரு படிப்புக் கடன்

1996-ஆம் வருடம் மார்ச் பதினெட்டாம் தேதி, காரைக்குடியில் எங்கள் வங்கிக் கிளைக்கு ஜெரினா என்ற பெண் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தாள். மதுரையில் மனநல சேவைக்கான இரண்டு வருட மேற்படிப்பு. இடம் கிடைத்துவிட்டது. ஜூன் இருபத்தெட்டுக்குள் முப்பதாயிரம் ரூபாய் கட்டாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். அப்பா மரியசூசை பள்ளிக்கூட வாத்தியார். மூத்த மகள் கல்யாணத்தை முடித்ததில் அவர் கையில் மிச்சம் எதுவும் இல்லை. கடன் பிரிவு எழுத்தரான சொக்கு என்கிற அடியேன்தான் அவளை முதலில் உட்காரச் சொன்னேன். நூற்றிரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வட்டிக்கு நாங்கள் அப்படித்தான் கணக்கிடுவோம்.

கம்ப்யூட்டர் படிப்பாக இருந்தால் சிக்கலே இல்லை. அந்த வருடம் ஊரில் முக்குக்கு முக்கு கம்ப்யூட்டர் சென்டர். உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்குத் தூசி படாமல் ஒரு போர்வை, வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. அதற்கெல்லாம் எங்கள் மேனேஜர் மெய்யநாதன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மனநலத்துக்கு எங்களிடம் படிவம் இல்லை. கறவை மாட்டுக் கடன் படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. 'மாடு' என்பதை அடித்துவிட்டு 'படிப்பு' என்று எழுதி, ஆக வேண்டியதைப் பார்த்தேன். கறவைக்கு வர எத்தனை மாதம் என்ற கேள்விக்கு இருபத்துநான்கு என்றாள். காதில் அடையாள வில்லை உண்டா என்ற இடத்தில், அவள் தோடு போட்டிருந்ததால் 'உண்டு' என்று குறித்தேன்.

ஏழாவது கேள்வியில்தான் மேனேஜர் நின்றுவிட்டார். சுற்றுவட்டாரத்தில் பால் வாங்குவோர் எத்தனை பேர் என்பது கேள்வி.

"உன்கிட்ட வர்றதுக்கு இங்குட்டு எத்தனை பேரு இருக்காகத்தா?" என்று கேட்டார்.

"நிறையப் பேரு இருக்காக சார். வெளிய சொல்ல மாட்டாக."

"சொல்லாதவுகள எப்படி எண்றது? உங்க ஊரு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா."

வி.ஏ.ஓ. உடையப்பன் கறாரானவர். மூன்று வாரம் அலையவிட்டு, முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்: 'எனது எல்லைக்குட்பட்ட கிராமத்தில் தென்னை 412, கறவை மாடு 167, மனநலம் குன்றியோர் இல்லை.' ஒருத்தர் இருப்பதாக எழுதினால்கூட அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் கூடி வராது என்று அவளுக்கே விளக்கமும் சொன்னாராம்.

சான்றிதழைப் பார்த்து மேனேஜர் மெய்யாகவே வருத்தப்பட்டார். நோயாளியே இல்லாத ஊரில் மனநல சேவைக்கு வருமானம் ஏது? வருமானம் இல்லாமல், பதினேழு சதவீத வட்டியோடு அசல் எப்படித் திரும்பும்? அவருடைய தாத்தா பர்மாவில் லேவாதேவி செய்தவர். பேரன் கணக்கில் தப்பு வராது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகவும், நாளைக்கு வந்து பார்க்கும்படியும் சொன்னார். அவளும் வந்தாள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நாளை இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மேனேஜர் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சும்மாதான் கேட்பதாகச் சொல்லிவிட்டு, படுத்தால் தூக்கம் வராததைப் பற்றி அவள் படித்த புத்தகத்தில் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். படுத்ததும் என்ன நினைப்பு வருகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் பேசினார். மறுநாள் முகம் தெளிந்து வந்தார். அடுத்து அவளிடம் போனவர், ஒரே நோட்டுக்கட்டை ஏழு தரம் எண்ணும் கேஷியர் மாயக்கண்ணன். பெருக்க வரும் அக்கம்மாள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே தினமும் அரைமணி பேசினாள்.

மே மாதம் வி.ஏ.ஓ. உடையப்பனே வந்தார். பயிர்க்கடன் விசாரிக்க வந்தவர், அவளைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாகப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருக்கும் தம்பியைப் பற்றிச் சொல்லி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, சான்றிதழைத் திருத்தித் தர முடியுமா என்று ஜெரினா கேட்டாள்.

"முத்திரை வச்சாச்சுத்தா. மாத்த முடியாது" என்றார்.

நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். என் வீட்டிலும் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது. அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது கடன் கிடைத்துவிட வேண்டுமென்று மனதார ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு சரி.

ஜூன் இருபத்தெட்டு காலையில் மேலிடத்துப் பதில் வந்தது. கிளை மேலாளரே நேரில் கண்டறிந்து முடிவு செய்யலாம் என்று இருந்தது. மேனேஜர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்:

'மனுதாரரின் சேவையை இக்கிளைப் பணியாளர் அனைவரும் நேரில் பெற்று, அது முழுப் பயன் அளிப்பதாகக் கண்டறிந்துள்ளனர். மேற்படி நூற்றிரண்டு நாட்களில் மனுதாரர் இச்சேவையால் ஈட்டிய வருமானம்: இல்லை. எனவே கடனைத் திருப்பிச் செலுத்தும் சக்தி மனுதாரருக்கு இல்லை என முடிவு செய்யப்படுகிறது.'

ஜெரினா அதை இரண்டு தரம் படித்தாள்.

"கூலி குடுக்காம இருந்தது யாரு சார்?" என்று கேட்டாள்.

மேனேஜர் பேனா மூடியைத் தேடினார். கேஷியர் எண்ணத் தொடங்கினார். நான் கார்பன் தாளை உருவி, ஒரு நகலை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை மேனேஜர் உள்ளே வந்ததும் காலிப் பெஞ்சைப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"சொக்கு, அந்தப் படிப்புக்கு இனி யாராச்சும் கடன் கேட்டு வந்தா, எடுத்த எடுப்புல இல்லைன்னு சொல்லி அனுப்பிறாதீக. ஒரு நூறு நாளைக்கு உக்கார வைங்க."

சரி என்று சொல்லிவிட்டு, கறவை மாட்டுப் படிவம் ஒன்றைக் கட்டிலிருந்து உருவி மேசைமேல் தயாராக வைத்துக்கொண்டேன். எனக்கும் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.