சென்ற கடிதத்தைக் கிழித்துவிடவும்

புத்தளம்,
13.11.2018, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் மஸாஹிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கச்சி சுல்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். விஷயம் ஒன்றுதான். போன மாதம் நான் எழுதி, தபாலில் போடச் சொல்லி சுல்பாவிடம் கொடுத்த கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடவும். உங்கள் மென்பொருள் கம்பனியின் புத்தளம் கிளையில் ஒரு வேலையும் நடப்பதில்லை, அதை மூடிவிட்டு என் மகள் றிஸ்மினாவைக் கொழும்புக்கே எடுத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். போனில் கதைத்தால் மகளுக்குக் கேட்குமே என்றுதான் கடிதம். இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை. மூடுவதற்கு ஆயத்தம் செய்கிறீர்களோ என்று எனக்கு நித்திரை இல்லை.

முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவன் நான். வேலை நடக்கிறதா இல்லையா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு. மகள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலோடு ஒரு நாள் காலையில் போனால், எட்டுப் பிள்ளைகளும் வட்டமாக நிற்கிறார்கள், கதிரைகள் சும்மா கிடக்கின்றன. "நிண்டபடியே முடியிறது செத்தவங்களுக்குத் தொழுற ஜனாஸாத் தொழுகை மட்டுந்தானே மகள், ஆருக்கு மௌத்து?" என்று கேட்டேன். "கதிரையில இருந்தா கதை நீளும் வாப்பா. நிண்டா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றாள். சுவரில் மூன்று வரிசையாக மஞ்சள் துண்டுகள்: செய்ய இருப்பது, செய்வது, முடிந்தது. நடு வரிசையில் மூன்று துண்டுக்கு மேல் ஒட்டக் கூடாதாம், ஒன்று முடிந்தால்தான் அடுத்ததைத் தொடலாமாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்காமல் வெளியே விடக் கூடாதாம், அதனால் முனாஸ் என்ற பையன் கணினியில் தட்ட, ஜெய்னம்பு என்ற பிள்ளை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கூத்து ஏற்கெனவே எங்கள் வீட்டு அலுமாரிக் கதவிலும் ஏறியிருந்தது. பிளேன்டீ கேட்டால், "மூண்டும் நிரம்பிட்டு, ஒண்டு முடியட்டும்" என்கிறா சுல்பா. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அந்தக் கடிதம்.

நேற்று சிலாபத்து இறால் முதலாளி ஒருவர் பெட்டி நிறைய இறாலோடு வீடு தேடி வந்தார். அவருக்கு நிறை பார்த்து பில் போடும் மென்பொருளைச் செய்வது நம் பிள்ளைகள்தானாம். முன்பெல்லாம் புதிதாகச் செய்ததை மொத்தமாக வெள்ளிக்கிழமை பகல் அனுப்பிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்களாம். அங்கே கணினி படுத்துவிடும், இங்கே பாதிப் பேர் பள்ளிவாசலில், மீதிப் பேர் வீட்டுச் சோற்றில். குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் ஐஸ் உருகிவிடும். றிஸ்மினா பொறுப்புக்கு வந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக, செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அனுப்புவது என்று மாற்றினாள். இரண்டு மாதமாக ஒரு கோளாறும் இல்லையாம். "உங்கட மகள் கெட்டிக்காரி" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான்.

அந்த எட்டுப் பேரும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். கிளையை மூடினால் றிஸ்மினாவுக்குக் கொழும்பில் உங்கள் வீடு இருக்கிறது. மற்ற ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். நான் அறியாமல் எழுதியதை நம்பி அந்தப் பிள்ளைகளின் வயிற்றில் அடித்துவிடாதீர்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் கிடைக்க துஆ செய்யும்,
அன்பு மச்சான்
யாகப்பு

பிற்குறிப்பு: வீட்டு விதிப்படி இதையும் இன்னொருவர் வாசிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் றிஸ்மினாவிடமே கொடுத்துவிட்டேன். நின்றபடியே வாசித்தாள். அலுமாரிக்குப் போய், முதல் வரிசையின் கடைசித் துண்டை உரித்தாள். "நானாவுக்குக் கடிதம் போடுதல்" என்று சுல்பாவின் கையெழுத்து; நானா என்றது அண்ணனான உங்களைத்தான். அதன் பின்னால் போன மாதத்துக் கடிதம், ஒட்டிய முத்திரையோடு அப்படியே இருந்தது. நடு வரிசை நிரம்பியே கிடந்ததால் அதன் முறை வரவே இல்லையாம். ஆகவே உங்களிடம் கிழிக்க ஒன்றும் இல்லை மச்சான், இந்தக் கடிதத்துக்கும் தேவை இல்லை. இதையும் கிழித்துவிடு என்று மகளிடம் கெஞ்சினேன். "மத்ததக் கிழிச்சாச்சு வாப்பா. இதப் போடுங்க. இண்டைக்குச் செவ்வாய்தானே" என்றாள்.