தலையாட்டி என்கிற உருளைக்கிழங்கு

நீங்கள் யாராக இருந்தாலும் சரி, என் குடும்ப நிம்மதியைக் கெடுத்தது நீங்கள்தான். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரண்டியின் படம்தான் இருந்தது. அந்தக் கரண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, போனில் முந்நூறு பேர் கூடிச் சமையல் பேசும் குழுவில், போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனீர்கள். மனசு சரியில்லாத அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், அதற்கு வீட்டுக்குள் வைத்திருக்கும் செல்லப் பெயர் என்ன என்று.

உங்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு இடி.

நான் பழைய மேஜை, நாற்காலி, கட்டில், பீரோ வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னைக் கைகழுவிவிட்டது. மிச்சத்தைச் சந்தை அடித்துச் சொல்லிக்கொடுத்தது. ஒருவன் விலை சொன்னால் அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைப் பார்ப்பேன். முகம் பொய் சொல்லும், கால் கட்டைவிரல் சொல்லாது. விரல் மடங்கினால் இன்னும் இறங்குவான் என்று அர்த்தம். எனக்குக் கோபக்காரன் என்று பெயர். கோபம் இல்லாமல் இந்தத் தொழிலில் இருந்தால், உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே உருவிக்கொண்டு போய்விடுவார்கள்.

கீழே கடை, மாடியில் வீடு. கடையின் முன்பாதியில் பெரிய கண்ணாடி ஜன்னல், எதிரே பஸ் நிறுத்தம். காலை வெயில் நேராக உள்ளே வந்து விழும். ஒரு மேஜையைத் துடைத்து அங்கே போட்டால், பஸ்ஸுக்கு நிற்கிறவன் பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே வருவான். பின்பாதி வெறும் குகை. அங்கே கிடக்கும் பீரோவைத் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்பாதி என் உயிர். அதன்மேல்தான் ரெண்டு வருஷமாக என் வீட்டுக்காரிக்குக் கண். அங்கே அடுப்பு வைத்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு விற்க வேண்டுமாம். முடியவே முடியாது என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த டீச்சர் வந்தாள். ரிட்டயரான கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேரம் பேசினாள். நான் அசையவில்லை. அவளுடைய கட்டைவிரல் ஷூவுக்குள் இருந்ததால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி, நான் சாயங்காலம் வரேன். அதுக்குள்ள மாடியில தலையாட்டி பண்ணச் சொல்லி ஒரு தட்டு சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

எனக்குப் புரியவில்லை. அது என்ன தலையாட்டி என்று கேட்டேன். டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. உங்களுக்குத் தெரியாதா என்றாள். பிறகு, தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய கை, தானாகவே போனை நீட்டிவிட்டது.

உங்கள் கேள்வி அதில்தான் இருந்தது. கீழே முந்நூறு வீட்டு அடுப்படி ரகசியம். ஒரு வீட்டில் எண்ணெய் சத்தமே இல்லாமல் செய்கிற முட்டைக்கு 'மாமியார் தூங்குறாங்க' என்று பெயர். பாலில் ஊறிய ரொட்டிக்கு 'கணக்குல பெயில்'. மீந்துபோன எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறுவதற்கு 'சம்பந்தி வீடு'. நான்கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விரலைத் தள்ளினால், என் வீட்டுக்காரி.

"உருளைக்கிழங்கைப் பாலில் வேகவைத்து, வெண்ணெய் போட்டு மசிக்கவும். வெங்காயத்தைக் கருகப்போகிற நிமிஷம்வரை வதக்கி மேலே போட்டு, மிளகு தூவவும். வீட்டுப் பெயர்: தலையாட்டி. வீட்டுக்காரர் சோர்ந்து வரும் நாளில் செய்யவும். பரிமாறியதும் எதையும் கேட்கக் கூடாது. மூன்றாவது வாய்வரை பொறுக்கவும். அதன்பிறகு எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்."

அடியில் தொண்ணூறு பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருத்தி, இது மாமனாருக்கும் வேலை செய்யுமா என்று கேட்டிருந்தாள். என் வீட்டுக்காரி, மிளகைக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

டீச்சர் போனபிறகு, விற்காத கட்டில் ஒன்றின்மேல் உட்கார்ந்து யோசித்தேன். வாஷிங் மெஷின் வந்த அன்றைக்கு என்ன சாப்பிட்டேன்? உருளைக்கிழங்கு. என் ஸ்கூட்டரை விற்றது? உருளைக்கிழங்கு. எனக்குப் பிடிக்காத மஞ்சள் பெயின்டை நாலு சுவருக்கும் அடித்தது? ரெண்டு தட்டு உருளைக்கிழங்கு. பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்த அவள் தம்பி ஆறு வருஷமாக என் ஹாலில் படுத்திருக்கிறானே, அவன் வந்த அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சாமான் போனதுகூட வலிக்கவில்லை. அந்தத் தட்டு வந்த நாட்களெல்லாம் நான் அடிபட்டு வந்த நாட்கள். சந்தையில் ஏமாந்து, ரசீதில் ஏமாந்து, வாய் வறண்டு மாடியேறினால், நான் சொல்லாமலே ஆவி பறக்க ஒரு தட்டு வைப்பாள். இந்த உலகத்தில் என்னிடம் விலை பேசாமல் எனக்குக் கிடைக்கிற ஒரே பொருள் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இனி அந்த உருளைக்கிழங்கு என் தொண்டையில் இறங்காது. இறங்காதவரை முன்பாதி என்னுடையது.

சாயங்காலம் மாடியேறினேன். வெண்ணெய் வாசனை படிக்கட்டிலேயே வந்து கையைப் பிடித்தது. மேஜைமேல் தட்டு. எதிரே மச்சான், கரண்டியும் கையுமாக.

"எனக்கு வேண்டாம்."

"ஏங்க, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தலைதான் சரியில்ல. ஆட்டி ஆட்டிச் சுளுக்கிக்கிச்சு."

அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. டீச்சர் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்தி மாடிக்கு வந்திருக்கும்போல. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாள்.

சந்தையில் எனக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. முதுகைக் காட்டி நடப்பது. மூன்றாவது அடி வைப்பதற்குள் "அண்ணே, நில்லுங்க, பேசிக்கலாம்" என்று பின்னாலிருந்து குரல் வரும். வராமல் போனதே கிடையாது. எழுந்து முதுகைக் காட்டினேன். அவள் கெஞ்சுவாள், குழுவில் எழுதியதை அழித்துவிடுகிறேன் என்பாள், இனி எதுவுமே கேட்காமல் உருளைக்கிழங்கு போடுகிறேன் என்பாள். மூன்று அடி. குரல் இல்லை. கதவு வந்தது. குரல் இல்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்று இருமினேன். தெருவுக்கு வந்து, சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் போய் நின்று ஜன்னலைப் பார்த்தேன். டிரைவர் எனக்காகப் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். இல்லை என்று கையசைத்ததற்குத் திட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இன்னைக்கு வெங்காயம் பிரமாதம், மாமா" என்றான் மச்சான்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். அவித்த முட்டைக்கோஸும் காய்ந்த ரொட்டியும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, முணுமுணுக்கவில்லை, முன்பாதி பற்றி மூச்சே விடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஜெயித்தவனுக்கு இப்படியா வயிறு எரியும் என்று கேட்க ஆளில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு ஓட்டலை மூடுகிறார்கள் என்று நாற்பது நாற்காலி பார்க்கப் போனேன். ஓட்டல்காரர் விலை சொன்னார். காலைப் பார்த்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. அவர் கால் எது, நாற்காலிக் கால் எது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்குச் சரி என்றேன். அவரே பயந்துபோய், நிஜமாகவா என்று கேட்டார். இறக்கிப் பார்த்தால் நாற்பதில் முப்பத்தொன்று ஆடுகிறது.

செத்த பாம்பு மாதிரி மாடியேறினேன். இன்றைக்கு மட்டும் ஒரு தட்டு கிடைத்தால் போதும், பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அவள் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

குழுவில் ஒரு அம்மா எழுதியிருக்கிறாளாம். உருளைக்கிழங்கு உள்ளே போகாவிட்டால் உன் வீட்டுக்காரர் எதற்குமே சரி என்று சொல்லமாட்டாரா, பாவம், மனசு இல்லாத மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாய் என்று.

"அவர் அப்படி இல்லைன்னு எழுதினேங்க. யாருமே நம்பல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரவள், கூப்பிடு அவளை என்றேன்.

"அவங்க கிடக்கட்டும் விடுங்க. உங்களுக்கு இன்னைக்கு நாள் சரியில்ல. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்."

"சாப்பிட்டா அப்புறம் சாப்பாடுதான் பேசிச்சும்பாங்க. வெறும் வயித்துல இருக்கேன். இப்பவே கேளு."

"என்னத்தைக் கேக்கறது?"

"எதையாவது கேளு. சரிங்கிறேன். அதை அப்படியே எழுது."

ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, மாற்றலாமா என்றாள்.

"குழாயா? குழாய்க்குச் சரின்னா எவ நம்புவா? பெரிசா கேளு."

"அப்ப கடையில ஜன்னலோரமா ஒரு அலமாரி. ரெண்டு பாத்திரம் வைக்கிற மாதிரி."

"அலமாரியெல்லாம் ஒரு கேள்வியா?"

"அதுக்கு மேல கேட்டா உங்களால முடியாதுங்க."

முடியாது. அந்த வார்த்தையை என்னிடம் சொன்னவன் எவனும் சந்தையில் நிம்மதியாகக் கடை கட்டியதில்லை.

"ஜன்னல் பக்கம் பூரா எடுத்துக்க."

"ஐயோ வேண்டாங்க. பாதி ஜன்னல் போதும்."

"பாதி கொடுத்தேன்னு எழுதினா சிரிப்பாங்க. முழு ஜன்னல்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க தாங்க மாட்டீங்க."

"நான் தாங்குவேன். முன்பாதி மொத்தமும் உனக்கு. ஜன்னல், கதவு, வாசப்படிவரைக்கும்."

"போர்டு?" என்றான் மச்சான்.

"போர்டும்தான்."

நாற்பது வருஷம் அடுத்தவன் விலையை இறக்கியே வயிறு வளர்த்தவன் நான். அன்றைக்கு அவள் இறக்க இறக்க, நானே என் விலையை ஏற்றிக்கொண்டே போனேன். மச்சான் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனான். வீட்டில் படுத்திருப்பவன் பாக்கெட்டில் அளவு டேப் எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு உருளைக்கிழங்குத் துணுக்குகூட உள்ளே போகாமல், என் சொந்தப் புத்தியில், என் சொந்த வாயால் கொடுத்திருக்கிறேன் என்ற பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து மேஜை முன்னால் உட்கார்ந்தேன். இப்போது சாப்பிடலாம். இப்போது அது வெறும் உருளைக்கிழங்கு.

தட்டு வந்தது. முட்டைக்கோஸ்.

"அது பண்ணலையா?" என்றேன்.

"எதுக்குங்க இனிமே?" என்று கேட்டாள், நிஜமான ஆச்சரியத்தோடு. "வெறும் வயித்துலயே சரிங்கறீங்களே."

ஒரு மாதம் ஆகிறது. முன்பாதியில் வெயில் அவள் பாத்திரங்கள்மேல் விழுகிறது. நான் குகையில், ஆடுகிற நாற்காலிகளுக்கு நடுவில், ஆணியும் சுத்தியலுமாக. மேஜை வாங்க வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அந்தச் சாப்பாட்டு மேஜையைக் கடைசியில் டீச்சர் தான் சொன்ன விலைக்கே எடுத்துப் போனாள். போகும்போது, மனசு இல்லாத மனுஷன் என்று குழுவில் ஒரு அம்மா எழுதியதைக் காட்டச் சொன்னேன். மேலும் கீழும் தேடிவிட்டு, அப்படி யாரும் எழுதவில்லையே என்றாள்.

அவள் சாப்பாட்டுக் கடைப் பட்டியலில் பதினோரு ஐட்டம் இருக்கிறது. உருளைக்கிழங்கு இல்லை. காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அது வீட்டு மருந்து, விற்கிறதில்லை என்றாள். நானே செய்து பார்த்தேன். பசை மாதிரி வந்தது, நாற்காலி ஒட்டத்தான் உதவிற்று.

ஆகவே, கரண்டிக்காரரே, இப்படி வெளியே வாருங்கள். கேள்வி கேட்டது நீங்கள். நீங்களே அதே குழுவில், முந்நூறு பேர் முன்னால், என் வீட்டுக்காரியிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். அந்த மனுஷன் எதற்கு வேண்டுமானாலும் தலையை ஆட்டத் தயாராக இருக்கிறான், கடையின் பின்பாதியையும் சேர்த்தே எடுத்துக்கொள், அவனுக்கு ஒரே ஒரு தட்டு எப்போது போடப்போகிறாய் என்று கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.